கட்சிப் படிவமும் வாக்காளர் இடாப்பும்

(தெல்லிப்பழைப் பிரதேசத்தில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் அமர்வில், ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அமர்வுக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



வீட்டுத்திட்டம், கிணறு துப்புரவாக்கல், கண்ணிவெடி அகற்றிய சான்றிதழ் பற்றியெல்லாம் எனக்கு முன்னர் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது வோட்டு பற்றி. யாருக்கு வோட்டுப் போட வேண்டும் என்பது பற்றியல்ல. அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, இந்த நிறுவனம் விடவும் மாட்டாது. வோட்டுப் போடப் போகும்போது உங்கள் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்பது பற்றியே பேசப் போகிறேன்.

2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அன்று பின்னேரம் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொக்குவிலில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, காணி விடுபட்டபின் தன் வளவுக்குத் திரும்பி மூன்று வருடமாகிறது. அவருடைய ஒழுங்கையில் மாரி வந்தால் முழங்காலளவு தண்ணீர். ஒழுங்கைக்கு வாய்க்கால் வெட்டித் தருவதாகச் சொன்ன வேட்பாளர் ஒருவருக்கு வோட்டுப் போடக் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். “அண்ணை, என்ர பேர் இல்லையாம். கொக்குவிலுக்குப் போகட்டாம்” என்றார். கொக்குவில் நல்லூர் பிரதேச சபைக்குள் வருவது. இவருடைய ஒழுங்கை வலிகாமம் வடக்கு பிரதேச சபைக்குச் சொந்தம். மத்தியானம் பஸ் பிடித்துப் போய், தான் இனி நடக்கப்போகாத ஒரு தெருவின் உறுப்பினரைத் தெரிவு செய்துவிட்டு வந்திருக்கிறார். தன் ஒழுங்கைக்கு வோட்டில்லை.

பிழை யாருடையது என்று அவர் கேட்டார். மூன்று வருடமும் அவர் விதானையாரிடம் அஸ்வெசுமவுக்குப் போயிருக்கிறார், பிறப்புச் சான்றிதழுக்குப் போயிருக்கிறார், காணி அளவைக்குப் போயிருக்கிறார். இடாப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, மற்றவரும் சொல்லவில்லை. “நான் ஒரு கட்சியிலயும் சேரேல்லை, அதாலயோ?” என்று கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். இன்றைக்கு நான் இங்கே நிற்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம். உங்களில் பலருக்கும் அது இருக்கிறது என்று தெரியும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இலங்கையில் வாக்காளராகப் பதிவு செய்ய எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை. பதிவுப் படிவத்தில் கட்சி என்று ஒரு நிரலே கிடையாது. நீங்கள் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த முகவரியில் சாதாரணமாக வசிப்பவராக இருக்க வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். யாராவது உங்களிடம் “எந்தக் கட்சி?” என்று கேட்டு எழுதினால், அவர் எழுதுவது வாக்காளர் இடாப்பு அல்ல, வேறு ஏதோ.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். ஒரு பகுதி வெளிநாட்டுத் தொலைபேசியில் வருகிறது. நியூயோர்க்கில் இருக்கும் மைத்துனர் இங்கே ஒருவருக்கு எடுத்து, “நீ எந்தக் கட்சியில பதிஞ்சனி? பதியாட்டி வோட்டில்லை” என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை, அங்கே ஒரு தேர்தலுக்கு அது உண்மை. அமெரிக்காவில் பொதுத் தேர்தலுக்கு முன்னர் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தெரிவு செய்ய மக்களிடமே ஒரு முன்தேர்தல் வைக்கும். நியூயோர்க் மாநிலத்தில் அந்த முன்தேர்தலில் வாக்களிக்க வேண்டுமானால், வாக்காளர் பதிவின்போதே இன்ன கட்சி என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாதவர் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம், முன்தேர்தலில் முடியாது. 2016 ஏப்ரல் 19 ஆம் திகதி அங்கே முன்தேர்தல். ஏற்கனவே பதிந்தவர்கள் கட்சியை மாற்றி எழுதுவதற்கான கடைசி நாள் 2015 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு முன். டொனால்ட் ட்ரம்பின் இரண்டு பிள்ளைகள், மகள் இவாங்காவும் மகன் எரிக்கும், அந்த நாளைத் தவறவிட்டதால் சொந்தத் தகப்பனுக்கு வோட்டுப் போட முடியாமல் போனது. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கே அப்படி. அந்தக் காலக்கெடுவைப் பிறகு மாநிலம் குறைத்தது. வேர்ஜினியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பதிவின்போது கட்சி கேட்பதே இல்லை. ஆகவே அமெரிக்காவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் முறை வேறு. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் கட்சியில் பெயர் பதிந்து, தொகுதிக்கு யார் வேட்பாளர் என்ற தெரிவில் வாக்களிப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் கட்சிக்குள் நடக்கும் விஷயம்.

இங்கே அப்படியான முன்தேர்தல் இல்லை. வேட்பாளர் பட்டியலைக் கட்சியின் மேல்மட்டம் தயாரிக்கிறது, வேட்புமனு கச்சேரியில் கொடுக்கப்படுகிறது, உங்களுக்கும் எனக்கும் சுவரொட்டியில்தான் தெரியவரும். கட்சிக்குள் வாக்கெடுப்பு என்று நாங்கள் அண்மையில் கண்ட பெரிய ஒன்று, 2024 ஜனவரி 21 ஆம் திகதி திருகோணமலையில் இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி தன் தலைவரைத் தெரிவு செய்தது. சிறீதரன் 184 வாக்கு, சுமந்திரன் 137 வாக்கு. பிறகு அந்தத் தெரிவு நீதிமன்றம் வரை போனது, அது வேறு கதை. நான் இங்கே பார்க்கச் சொல்வது கூட்டுத்தொகையை. 321 பேர். அந்தக் கட்சிக்குத் தேர்தலில் வோட்டுப் போடுபவர்கள் இலட்சக்கணக்கில். அவர்களில் பொதுச்சபை உறுப்பினராக இருந்தவர்களுக்கு மட்டும் அன்று வாக்கு இருந்தது. எந்தக் கட்சியிலும் இப்படித்தான், இதில் ஒன்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு கட்சியின் உள்வீட்டு முடிவில் உங்களுக்குப் பங்கு வேண்டுமென்றால் அங்கத்தவராகச் சேருங்கள், கிளைக் கூட்டத்துக்குப் போங்கள். அது உங்கள் உரிமை, நல்ல காரியமும்கூட. ஆனால் அதற்கும் இடாப்புக்கும் தொடர்பில்லை. கட்சி அங்கத்துவ அட்டை வைத்திருப்பவரின் பெயர் இடாப்பில் இல்லாவிட்டால் தேர்தலன்று அவரும் வெளியேதான் நிற்பார்.

இன்னொரு பகுதிக் குழப்பம் இங்கேயே உண்டாக்கப்படுவது. தேர்தல் காலத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். “அடையாள அட்டைப் போட்டோக் கொப்பி ஒன்று தாங்கோ, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, வீட்டுத்திட்டத்துக்குப் பேர் போகும்” என்பார். புதிதாகக் குடியேறிய இடங்களில் இது கூடுதல். கூரையில்லாமல் இருப்பவர் எதிலும் கையெழுத்து வைப்பார், அதில் குற்றமில்லை. ஆனால் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியது இது: வீட்டுத்திட்டப் பயனாளி தெரிவு பிரதேச செயலகத்தின் வழியாக நடப்பது. உதவி நிறுவனம் தருவதும் அப்படியே பதிவோடு தரப்படுவது. எதிலும் கட்சி ஒரு தகுதியல்ல. உதவியைக் காட்டி வோட்டுக் கேட்பதும், வோட்டைக் காட்டி உதவியை மறுப்பதும் தேர்தல் சட்டப்படி குற்றம். வாசிக்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். சரி, ஏற்கனவே ஒன்றில் கையெழுத்து வைத்துவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். அதனால் உங்கள் வோட்டு எங்கும் போகாது. மறைப்புக்குள்ளே நீங்கள் தனியேதான் நிற்பீர்கள்.

இப்போது இடாப்புக்கு வருகிறேன். அரசாங்கக் கடதாசிகளில் ‘தேருநர் இடாப்பு’ என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான்.

இது வருடா வருடம் திருத்தப்படுகிறது. விதானையாரோ அவருக்காகக் கணக்கெடுப்பவரோ வீட்டுக்கு வருவார். பீ.சீ. படிவம் என்று நாங்கள் சொல்வதில் வீட்டில் வசிக்கும் தகுதியானவர்களின் பெயர் எழுதப்படும். பிறகு, நீக்கப்படவுள்ள பெயர்களும் புதிதாகச் சேரவுள்ள பெயர்களும் பட்டியலாகப் பொது இடங்களில் வைக்கப்படும். விதானையாரின் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்க்கலாம். அந்தக் காலத்துக்குள் பெயர் விடுபட்டவர் உரிமை கோரலாம், பிழையாகச் சேர்ந்த பெயருக்கு ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதன்பின் இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்படும். அத்தாட்சிப்படுத்திய பிறகு நீங்கள் கச்சேரி வாசலில் இருந்து அழுதாலும் அந்த வருட இடாப்பில் பெயர் ஏறாது.

இந்தக் கடைசி வசனம்தான் எங்கள் ஊரின் ‘நியூயோர்க் ஒக்டோபர்’. அங்கே கட்சியை எழுதும் நாள் தவறினால் முன்தேர்தல் போகும். இங்கே ஊரை எழுதும் நாள் தவறினால் அந்த ஊரின் தேர்தலே போகும். தேர்தல் எப்போது வரும் என்று பார்த்துப் பதிய நினைப்பவர்கள் எப்போதும் பிந்துவார்கள். ஏனென்றால் தேர்தலுக்குப் பயன்படுவது அதற்கு முன்பே முடிந்துபோன ஓர் இடாப்பு. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல் 2024 ஆம் ஆண்டு இடாப்பின்படி நடந்தது. 2025 ஜனவரியில் வளவுக்கு வந்தவர், மாசி பங்குனியில் விதானையாரிடம் ஓடியிருந்தாலும் மே மாதத்துக்குப் பயனில்லை. 18 வயதாகும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 2021 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, வருடத்தின் நடுவில் 18 ஆகும் இளையோருக்குத் துணை இடாப்புகள் தயாரிக்கப்படுகின்றன. உங்கள் வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்தால் விதானையாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடமையில் இருந்த காலத்தில் ஒரு வருடம், புதிதாக வந்து குடிசை போட்டிருந்த ஒரு குடும்பத்தை நான் தவறவிட்டேன். இரண்டு தரம் போனேன், இரண்டு தரமும் படலை கட்டியிருந்தது. அவர்கள் பகலில் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள் என்று பக்கத்து வளவில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் ‘ஆட்கள் இல்லை’ என்று எழுதிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் நான்கு வோட்டு. அதற்குப் பிறகு படலை கட்டியிருந்தால் ஒரு துண்டு எழுதிச் செருகிவிட்டு வருவேன். எல்லா விதானையாரும் அப்படிச் செய்வார் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஒருவருக்கு ஆயிரம் குடும்பம். அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள்.

அடுத்தது எங்கே பதிவது என்ற கேள்வி. இடம்பெயர்ந்தவர்களுக்கு இது வெறும் முகவரிக் கேள்வியல்ல என்பது எனக்குத் தெரியும். 1990 யூனில் மயிலிட்டியிலும் பலாலியிலும் வசாவிளானிலும் இருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள், மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் கோணப்புலத்திலும் முகாம்களில் இருந்தபோது, “இங்கே பதிந்தால் ஊர்க் காணி போய்விடும்” என்று பயந்து எங்கும் பதியாமல் இருந்தார்கள். இப்போது திரும்பி வந்தவர்கள், “ஊரில் பதிந்தால் முகாமில் தந்த சலுகை போய்விடும்” என்று பழைய இடத்திலேயே பெயரை வைத்திருக்கிறார்கள். இரண்டு பயத்துக்கும் ஒரே பதில். வாக்காளர் இடாப்பு காணி உறுதியல்ல. உங்கள் காணி உறுதியாலும் அனுமதிப்பத்திரத்தாலும் உங்களுடையது, இடாப்பில் பெயர் எங்கே இருக்கிறது என்பதால் அது கூடவோ குறையவோ மாட்டாது.

போரால் இடம்பெயர்ந்தவர்கள் வேறிடத்தில் இருந்துகொண்டே தங்கள் பழைய ஊரின் இடாப்பில் பதியக் கோருவதற்கு 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வழி செய்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள், அதன் தேவை விளங்கும். வேறு ஊரில் இருந்து சொந்த ஊருக்கு வோட்டுப் போட வருவது லேசானதல்ல. 2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு வாக்களிக்க ஆட்களை ஏற்றி வந்த பஸ் வண்டிகள் தந்திரிமலையில் சுடப்பட்டன. ஆனால் நீங்கள் இப்போது ஊருக்கே வந்துவிட்டீர்கள். இரவு படுப்பது இங்கே, அடுப்பு மூட்டுவது இங்கே என்றால் பெயரும் இங்கே இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வைத்திருக்கக் கூடாது, அது குற்றம். இங்கே பதியும்போது பழைய முகவரியையும் சரியாகச் சொல்லுங்கள். சொன்னால்தான் அங்கே நீக்கப்படும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணம். முதலாம் தர அனுமதிக்குப் பாடசாலையில் கேட்கும் வதிவிட ஆதாரங்களில் வாக்காளர் இடாப்புப் பிரதி முக்கியமானது. முந்திய வருடங்களில் எத்தனை வருடம் பெயர் இருந்தது என்றும் பார்ப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார் இன்றைக்குப் பதிந்தால், அனுமதி நேரத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அலையத் தேவையில்லை. அரசியலில் அக்கறை இல்லை என்று சொல்லும் பலரை நான் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் பதிய வைத்திருக்கிறேன்.

இனி, உங்கள் ஒருவரின் பெயரால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு.

பாராளுமன்றத்தில் 225 பேர். 29 பேர் தேசியப்பட்டியல், 196 பேர் மாவட்டங்களில் இருந்து. அந்த 196 இல் 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்காகப் பிரிக்கப்பட்டவை. மிச்சம் 160 ஆசனங்களையும் 22 தேர்தல் மாவட்டங்களுக்குப் பிரிப்பது, அந்தந்த மாவட்டத்து இடாப்பில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதை வைத்து. எத்தனை பேர் வோட்டுப் போட்டார்கள் என்பதை வைத்தல்ல, இதைக் கவனியுங்கள். நீங்கள் தேர்தலன்று காய்ச்சலாய்ப் படுத்திருந்தாலும் உங்கள் பெயர் அந்தக் கணக்கில் நிற்கும். பெயரே இல்லாவிட்டால் நிற்காது.

கிளிநொச்சியையும் சேர்த்த எங்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989 இல் 11 ஆசனங்கள். 2010 ஏப்ரல் பொதுத் தேர்தலில் 9. அந்தத் தேர்தலில் இடாப்பில் 7 இலட்சத்து 21 ஆயிரம் பெயர்கள் இருந்தன. ஊருக்கே தெரியும், அதில் செத்தவர்களும் கனடாவில் இருப்பவர்களும் பல ஆயிரம். பிறகு 2010 இடாப்பைத் திருத்தியபோது அது ஏறக்குறைய 4 இலட்சத்து 85 ஆயிரமாக இறங்கியது. 2011 இல் ஆசனம் ஆறு என்று அறிவித்தார்கள், ஒரேயடியாக மூன்று போனது. வெளிநாட்டில் இருப்பவரின் பெயரை வெட்டியது சரி, அதை யாரும் பிழை சொல்ல முடியாது. ஆனால் அதோடு சேர்ந்து, இங்கேயே முகாமிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் இருந்து எந்த இடத்திலும் பதியாத ஆட்களும் கணக்கில் இல்லாமல் போனார்கள். அதற்குப் பிறகு வீடு வீடாகப் பதிவு நடந்து, பெயர்கள் கூடி, 2015 இல் ஆசனம் ஏழானது. 2020 இலும் ஏழு. 2024 இல் மறுபடி ஆறு. இந்தத் தடவை எங்கள் பெயர்கள் குறையவில்லை, 5 இலட்சத்து 93 ஆயிரமாகக் கூடித்தான் இருந்தன. கம்பஹா போன்ற மாவட்டங்களில் அதைவிட வேகமாகக் கூடியது. அங்கே 18 ஆக இருந்தது 19 ஆனது. இருக்கும் ரொட்டியைப் பங்கு போடும் கணக்கு இது. கொழும்பில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ திரும்பி வந்தும் பெயரை அங்கேயே விட்டிருப்பவர், தன் பங்கையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. 1931 இல் இலங்கையில் ஆணும் பெண்ணும் எல்லோரும் முதன்முதலாக வோட்டுப் போட்டபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. அரசாங்க சபையில் வடக்கின் நான்கு கதிரைகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அவர்கள் கொள்கைக்காகச் செய்தார்கள், அதன் சரி பிழை வரலாற்றுக்காரருக்கு. விரும்பிப் போகாமல் இருப்பது ஒன்று, போக நினைத்தும் பெயரில்லாமல் நிற்பது வேறொன்று. கொக்குவில் போய் வந்த அந்தத் தாய்க்கு இரண்டாவதுதான் நடந்தது.

பெயர் இருக்கிறது, வோட்டுப் போடப் போகிறீர்கள். இங்கே முன்தேர்தல் இல்லை என்று முன்னர் சொன்னேன். முழுவதும் உண்மையல்ல. பொதுத் தேர்தல் வாக்குச்சீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன முன்தேர்தல் இருக்கிறது, நாங்கள் அதை விருப்பு வாக்கு என்கிறோம். முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி. பிறகு அதே பட்டியலில் உள்ள வேட்பாளர்களில் மூன்று பேர் வரை, அவர்களின் இலக்கத்துக்கு மேலே புள்ளடி. கட்சி எத்தனை ஆசனம் என்பதை முதல் புள்ளடி முடிவு செய்யும், அந்தக் கதிரையில் யார் என்பதை விருப்பு வாக்கு முடிவு செய்யும். நியூயோர்க்கில் கட்சிப் பெயரைப் பதிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் தெரிவு, இங்கே இடாப்பில் பெயருள்ள எவருக்கும் கிடைக்கிறது. அங்கத்துவ அட்டை தேவையில்லை, முதல் நாள் வரை வேறு கட்சிக்கு ஆதரவாக இருந்தாலும் யாரும் கேட்க முடியாது. இவ்வளவு பெரிய வசதியை எங்கள் ஆட்கள் பலர் பாவிப்பதே இல்லை. கட்சிக்குப் போட்டுவிட்டு மடித்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு, “இவரை ஆர் அனுப்பினது?” என்று தேநீர்க் கடையில் கேட்கிறார்கள்.

பாவிப்பவர்களிலும் பிழை விடுவோர் அதிகம். 2024 நவம்பர் 14 ஆம் திகதி பொதுத் தேர்தலில் எங்கள் மாவட்டத்தில் 3 இலட்சத்து 58 ஆயிரம் பேர் வாக்களித்தார்கள். அதில் நிராகரிக்கப்பட்டவை 32 ஆயிரத்துக்கு மேல். ஏறக்குறைய பதினொருவருக்கு ஒருவர். அதே தேர்தலில் ஆளுக்கொரு ஆசனம் பெற்ற இரண்டு பட்டியல்கள் எடுத்த வோட்டு ஒவ்வொன்றும் 28 ஆயிரத்துக்குக் குறைவு. குப்பைக்குப் போன சீட்டு, ஒரு கதிரையைவிடப் பெரியது. நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள், முழ நீளச் சீட்டு, இரண்டு மாதத்துக்கு முன் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம் எழுதிய பழக்கம், எல்லாம் சேர்ந்து குழப்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே இதை மட்டும் மனதில் வையுங்கள். ஜனாதிபதித் தேர்தலில் விருப்பத்தை 1, 2, 3 என்று எழுதலாம். பொதுத் தேர்தலில் புள்ளடி மட்டும். ஒரு பட்டியலுக்கு மேல் போட்டால் சீட்டு போச்சு. கட்சிக்குப் போடாமல் கீழே இலக்கத்துக்கு மட்டும் போடுவதும் பிழை. வேட்பாளரின் பெயர் சீட்டில் இராது, இலக்கம்தான் இருக்கும், வீட்டில் இருந்தே இலக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள். உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கே கிடையாது. 2018 இல் இருந்து வட்டார முறை, ஒரேயொரு புள்ளடி, அதிலே வட்டாரத்து ஆளும் கட்சியும் சேர்ந்தே போகும். மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை, எந்த முறையில் நடக்கும் என்பது சட்டத்தில் இன்னும் முடிச்சாகவே கிடக்கிறது. அறிவித்தால் அன்றைக்கு ஒருவரைக் கூப்பிட்டு விளங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்களும் இங்கே இருக்கிறீர்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவு முடிய வேண்டும், பிறகு அடையாள அட்டை, அதற்குப் பிறகுதான் இடாப்பு. சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்த கடதாசி இருந்தால் கவனமாக எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் இந்த நிறுவனத்தின் சட்ட உதவி மேசையில் சொல்லுங்கள், மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அது. இருபது வயது தாண்டியும் எந்தக் கடதாசியும் இல்லாமல் ஒரு பிள்ளை தோட்டத்தில் நிற்பதை இந்தக் கிழமையும் பார்த்தேன்.

வாக்களிக்கப் போகும்போது வாக்காளர் அட்டை கைக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பெயர் இடாப்பில் இருந்து, தேசிய அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ காட்டினால் போதும். ஓய்வூதியர் அட்டையும் முதியோர் அட்டையும் ஏற்கப்படும். எதுவுமே இல்லாதவருக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை தரும். ஆனால் அதற்குத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னமே விதானையாரிடம் படமும் விண்ணப்பமும் கொடுக்க வேண்டும், அன்று காலையில் போய்க் கேட்கக் கூடாது.

கைத்தொலைபேசி பாவிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று இன்றிரவே பார்க்கச் சொல்லுங்கள். பழைய இடத்தில் இருந்தால் அல்லது எங்குமே இல்லாவிட்டால், நாளைக் காலை அடையாள அட்டை, குடும்ப அட்டை, முன்னர் பதிந்திருந்த முகவரி, காணி உறுதியின் பிரதி இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு உங்கள் பிரிவு விதானையாரிடம் போங்கள். இந்த வருடத் திருத்தம் எந்த நிலையில் நிற்கிறது, உரிமை கோரும் கடைசி நாள் எது என்று கேட்டு, இந்தப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். கொக்குவில் போய் வந்த தாயும் நானும் போன கிழமை அதற்குத்தான் போனோம். அவர் பெயர் இப்போது சேர்க்கப்படவுள்ளவர்களின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.